ஜப்பானியத்தைத் தமிழின் வழியே தொடங்குங்கள்

வரும் ஏப்ரலில் பணி நிமித்தம் நாகோயாவில் குடியேற இருப்பதாகவும், கையில் ஆறு மாதமே இருப்பதாகவும், மொழி, உணவு, பழக்கவழக்கம் ஆகிய மூன்றில் எதை முதலில் கற்பது என்று தெரியவில்லை என்றும் கேட்டிருக்கிறீர்கள். இறைச்சியும் மீனும் உண்ணாதவர் என்பதால் சாப்பாட்டைப் பற்றிய கவலையே பெரிதாக இருக்கிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். நாகோயா அமைந்திருக்கும் அதே ஐச்சி மாகாணத்தில் ஒன்பது ஆண்டுகள் வாழ்ந்து வேலை பார்த்தவன் என்ற முறையில் என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மொழியில் தொடங்குங்கள், அதையும் ஆங்கிலத்தின் வழியே அல்லாமல் தமிழின் வழியே தொடங்குங்கள். உணவும் பழக்கவழக்கமும் அந்த மொழியின் உள்ளேயே இருக்கின்றன என்பதைப் போகப் போக நீங்களே காண்பீர்கள்.

ஜப்பானில் வீட்டை விட்டுக் கிளம்புகிறவர் "இத்தெ கிமாஸ்" என்று சொல்லிவிட்டுத்தான் வாசலைத் தாண்டுவார். இத்தெ என்றால் போய். கிமாஸ் என்றால் வருகிறேன். வீட்டில் இருப்பவர் "இத்தெ ராஷ்ஷாய்", அதாவது போய் வாருங்கள், என்று விடை கொடுப்பார். ஆங்கில வழியில் படிப்பவருக்கு இது தனியாக விளக்கிச் சொல்லப்பட வேண்டிய மரபுத்தொடர். "போறேன்" என்று சொன்ன பிள்ளையை நிறுத்தி "போய்ட்டு வரேன்னு சொல்லு" என்று திருத்தும் அம்மாவிடம் வளர்ந்த நமக்கோ, இதில் விளக்குவதற்கு ஒன்றுமே இல்லை. நான் அங்கு சென்ற முதல் ஆண்டு முழுவதும் ஒவ்வொரு ஜப்பானிய வாக்கியத்தையும் மனத்துக்குள் ஆங்கிலமாக்கி, பிறகு அதைத் தமிழாகப் புரிந்துகொண்டு வீணாகக் களைத்துப்போனேன். அந்த இடைத்தரகு தேவையில்லை என்று உணர்ந்த நாளிலிருந்துதான் மொழி எனக்குப் பிடிபட ஆரம்பித்தது.

ஜப்பானிய இலக்கணத்தின் இதயம் என்று நான் கருதுவது "தெ" என்று முடியும் வினைவடிவம். அது நம்முடைய வினையெச்சமேதான். தபெத்தெ என்றால் சாப்பிட்டு. கைத்தெ என்றால் எழுதி. இனி துணைவினைகளைப் பாருங்கள். மிரு என்றால் பார். ஆகவே தபெத்தெ மிரு என்றால் சாப்பிட்டுப் பார். ஒகு என்றால் வை. கைத்தெ ஒகு என்றால் எழுதி வை. ஷிமவ் என்பது ஒன்றை முடித்து ஒதுக்கிவிடுவதைக் குறிக்கும் சொல். தபெத்தெ ஷிமவ் என்றால் சாப்பிட்டு விடு. மொத்தெ குரு என்றால் கொண்டு வா. பார்த்தல் என்னும் வினை முயன்று பார்த்தலாகவும், வைத்தல் என்னும் வினை முன்னேற்பாடாகவும், விடுதல் என்னும் வினை முடிந்துபோனதன் உறுதியாகவும் சில வேளை வருத்தமாகவும் மாறுவதை ஐரோப்பிய மொழி பேசும் மாணவர்கள் தனித்தனிப் பாடங்களாக மாதக்கணக்கில் மனப்பாடம் செய்கிறார்கள். உங்களுக்கு அது மூன்று வயதிலேயே வந்துவிட்டது. புதிதாகக் கற்க வேண்டியவை சொற்கள் மட்டுமே.

சுட்டுச் சொற்களும் அப்படித்தான். ஆங்கிலத்தில் அருகில் இருப்பதற்கு ஒன்று, தொலைவில் இருப்பதற்கு ஒன்று என இரண்டே உண்டு. ஜப்பானியத்தில் கொரெ, சொரெ, அரெ, தொரெ என நான்கு: பேசுபவருக்கு அருகில் இருப்பது, கேட்பவருக்கு அருகில் இருப்பது, இருவருக்கும் தொலைவில் இருப்பது, வினா. பழைய தமிழ் இலக்கணம் அ, இ, உ என மூன்று சுட்டுகளைச் சொல்கிறது, தமிழகத்துப் பேச்சில் உகரச் சுட்டு மறைந்துவிட்டாலும் ஈழத்தில் "உது என்ன?", "உங்கே இருக்கா?" என்று இன்றும் கேட்பவரின் பக்கமிருக்கும் பொருளைச் சுட்டுகிறார்கள். இது, உது, அது, எது என்று வரிசையாகச் சொல்லிப் பாருங்கள். கொரெ, சொரெ, அரெ, தொரெ அதே வரிசையில் வந்து நிற்கும். நம்முடைய உம்மைக்கு அங்கே "மொ": நானும் என்பது வதாஷி மொ, யாரும் என்பது தாரெ மொ. யாரோ என்பது தாரெ கா. என்று என்பதற்கு "தொ". நேற்று வாங்கிய புத்தகம் என்று நாம் பெயரெச்சத்தைப் பெயருக்கு முன்னால் வைப்பதைப் போலவே அவர்களும் கினோ கத்தா ஹொன் என்று வைக்கிறார்கள். எனக்குப் புரிகிறது, எனக்குத் தெரியும் என்று நாம் பேசுவதன் அமைப்பும் அங்கே உண்டு. ஆங்கிலத்தை நினைத்துக்கொண்டு பேசுகிறவர்கள்தாம் அங்கே செயப்படுபொருள் உருபைப் போட்டுத் தவறுகிறார்கள். இரட்டைக்கிளவியைத் தனியாகச் சொல்லவே தேவையில்லை: மினுமினுப்புக்குக் கிராகிரா, நெஞ்சு திக்திக் என்று அடிப்பதற்குத் தொக்கிதொக்கி.

இவ்வளவு ஒற்றுமையைக் கண்டதும் இரண்டும் ஒரே தாயின் பிள்ளைகள் என்று முடிவு கட்டத் தோன்றும். ஜப்பானிய மொழியறிஞர் ஓனோ சுசுமு (1919–2008) தம் பிற்கால வாழ்வின் பெரும்பகுதியை அந்தக் கருத்தை நிறுவுவதற்கே செலவிட்டார். ஆனால் ஒலி ஒப்புமைகளை முறையாகச் சோதிக்கும் மொழியியலாளர்களில் பெரும்பாலோர் அவருடைய முடிவை ஏற்கவில்லை. கொரிய மொழி, துருக்கி மொழி போன்றவற்றிலும் இத்தகைய தொடரமைப்பு இருக்கிறது. எனவே உறவு என்று பெருமை பேசுவதைவிட, கிடைத்திருக்கும் வசதியைப் பயன்படுத்திக்கொள்வதே நமக்கு நல்லது.

தமிழ் கைகொடுக்காத இடங்களும் உண்டு. முதலாவது, வினைமுற்றில் இடமும் பாலும் எண்ணும் தெரியாது. போகிறேன், போகிறாய், போகிறார்கள் எல்லாவற்றுக்கும் இக்கு என்ற ஒரே வடிவம். எழுவாயையும் பெரும்பாலும் சொல்ல மாட்டார்கள். அப்படியானால் யார் செய்தது என்று எப்படித் தெரியும்? கொடுத்தலைக் குறிக்கும் வினைகளே பல வேளைகளில் திசைகாட்டும். என்னிடமிருந்து பிறருக்குப் போனால் அகெரு. பிறரிடமிருந்து என் பக்கம் வந்தால் குரெரு. கைத்தெ குரெத்தா என்ற இரண்டே சொற்களில் "(அவர் எனக்காக) எழுதித் தந்தார்" என்பது முழுமையாக அடங்கிவிடும். பழந்தமிழில் தருதல் தன்மைக்கும் முன்னிலைக்கும், கொடுத்தல் படர்க்கைக்கும் என்று பிரித்து வைத்திருந்தார்கள் என்பதை நினைவில் கொண்டால் இந்தப் பாகுபாடு அந்நியமாகத் தோன்றாது. ஆனால் நாம் அதை மறந்துவிட்டதால் மீண்டும் பழக வேண்டியிருக்கும். இரண்டாவது, "வா" என்ற தலைப்பு உருபு. ஸோ வா ஹனா கா நகாய் என்பது புகழ்பெற்ற எடுத்துக்காட்டு. யானைக்கு மூக்கு நீளம் என்று நாம் சொல்வதை அவர்கள் "யானையைப் பற்றிச் சொன்னால், மூக்கு நீளம்" என்பது போல அமைக்கிறார்கள். இந்த "வா"வுக்கும், எழுவாயைக் காட்டும் "கா"வுக்கும் உள்ள வேறுபாட்டை விதியாகப் படித்து முடிக்க முயலாதீர்கள். நூற்றுக்கணக்கான வாக்கியங்களைக் கேட்டபின் அது தானாகப் படியும்.

ஒலியில் ஒரு வரமும் ஓர் ஆபத்தும் இருக்கின்றன. குறில் நெடில் வேறுபாடு நம் காதுக்குப் பிறவியிலேயே பழகியது. ஒபசன் என்றால் அத்தை அல்லது அந்த வயதுடைய பெண். ஒபாசன் என்றால் பாட்டி. இதில் தடுமாறும் பிறநாட்டு மாணவர்களைப் பார்த்திருக்கிறேன். தமிழர் தடுமாறியதைப் பார்த்ததில்லை. அவர்களுடைய அளவை நம்முடைய மாத்திரையைப் போன்றதே: குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு. ஆனால் நாம் மெய்க்கு அரை மாத்திரை தருகிற இடத்தில் அவர்கள் முழு அளவு தருகிறார்கள். நிப்பொன் என்பதற்கு நான்கு அளவு. டோக்கியோ என்பதற்கும் இரு நெடில்களால் நான்கே. ஹைக்கூவின் ஐந்து, ஏழு, ஐந்து என்ற கணக்கும் இந்த அளவைத்தான் எண்ணுகிறது. ஆபத்து எழுத்தில் இருக்கிறது. நம் எழுத்து வல்லினத்தின் இருவகை ஒலியையும் பிரித்துக் காட்டாது. அவர்களுக்கோ அது பொருளையே மாற்றும். சாவியைக் குறிக்கும் kagi என்ற சொல்லையும், ஒரு பழத்தைக் குறிக்கும் kaki என்ற சொல்லையும் தமிழ் எழுத்தில் துல்லியமாக வேறுபடுத்த முடியாது. மேலே நான் தபெத்தெ என்று எழுதியதில்கூட இரட்டித்த தகரம் உண்மையில் ஒற்றைத் தகரம். ஒற்றையாக எழுதினால் நீங்கள் மென்மையாக வாசித்துவிடுவீர்கள் என்பதால் அப்படி எழுதினேன். ஆகவே ஜப்பானியத்தைத் தமிழ் எழுத்தில் எழுதிப் படிக்கும் பழக்கத்தை முதல் இரண்டு வாரங்களுக்குள் விட்டுவிட்டு, ஹிராகனா என்னும் அவர்களுடைய ஒலியெழுத்துக்கு மாறிவிடுங்கள்.

ஹிராகனாவின் அடிப்படை எழுத்துகள் 46, பெரும்பாலும் பிறமொழிச் சொற்களை எழுதப் பயன்படும் கதகனாவும் 46. அவற்றின் அகரவரிசையைக் கேட்டால் வியப்பீர்கள். உயிர்கள் அ, இ, உ, எ, ஒ. அடுத்து க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ. பௌத்தத் துறவிகள் மந்திரங்களுக்காகச் சித்தம் என்னும் இந்திய எழுத்தைக் கற்றதன் விளைவாக உருவான வரிசை இது. ஹகர வரிசை பழங்காலத்தில் பகரமாக ஒலித்தது என்பதையும் சேர்த்துக்கொண்டால் க, ச, த, ந, ப, ம, ய, ர, வ என்று நாம் சிறுவயதில் ஒப்பித்த வரிசை அப்படியே வந்துவிடுகிறது. காஞ்சி எனப்படும் சீன வழி எழுத்துகளே பெரிய மலை. அன்றாடப் பயன்பாட்டுக்கென அரசு 2010-இல் திருத்தி வெளியிட்ட பட்டியலில் 2,136 எழுத்துகள் உள்ளன. அவற்றுள் 1,026 தொடக்கப் பள்ளியிலேயே கற்பிக்கப்படுகின்றன. ஓர் எழுத்துக்குச் சீன வழி வாசிப்பு, ஜப்பானிய வாசிப்பு என இரண்டும் அதற்கு மேலும் இருக்கும். மலையைக் குறிக்கும் எழுத்து தனியாக நின்றால் யாமா. ஃபூஜியுடன் சேர்ந்தால் சான். ஃபூஜிசான் என்பதில் உள்ள சான் மரியாதை விகுதி அன்று, மலையே. மரம் என்னும் எழுத்தை இரண்டு முறை எழுதினால் தோப்பு, மூன்று முறை எழுதினால் காடு என்பது போன்ற எளிய அழகுகள் தொடக்கத்தில் ஊக்கம் தரும். ஆனால் எழுத்துகளைத் தனித்தனியாகப் பட்டியலிட்டு உருப்போடாமல், சொற்களாகவே கற்றுக்கொள்ளுங்கள்.

ஜப்பான் பவுண்டேஷன் வெளியிட்டிருக்கும் இரோதொரி என்னும் பாடநூலை இணையத்தில் இலவசமாகப் பெறலாம். அந்நாட்டில் வேலைக்குச் சென்று வாழ்பவரை மனத்தில் வைத்து எழுதப்பட்டது என்பதால் உங்களுக்குப் பொருந்தும். சென்னையில் ஏபிகே-ஏஓடிஎஸ் தோசோகாய் என்னும் அமைப்பு நீண்ட காலமாக ஜப்பானியம் கற்பித்து வருகிறது. ஜேஎல்பிடி என்னும் ஜப்பானிய மொழித் திறன் தேர்வு ஜூலையிலும் டிசம்பரிலும் நடக்கிறது. ஐந்து நிலைகளில் என்5 எளியது. அதில் பேச்சுத் தேர்வு இல்லை என்பதை மறக்காதீர்கள். சான்றிதழோடு வந்து கடையில் வாய் திறக்க இயலாமல் நின்ற பலரை நான் அறிவேன்.

இனி உங்கள் பெரிய கவலைக்கு வருகிறேன். ஜப்பானிய உணவில் சைவருக்கு இடர் தருவது கண்ணுக்குத் தெரியும் மீன் அன்று. கண்ணுக்குத் தெரியாத தாஷி. சாம்பாருக்குப் பருப்பு எப்படியோ, அப்படி அவர்களுடைய குழம்பு, கூட்டு, நனைசாறு அனைத்துக்கும் அடியில் இருக்கும் சாறு அது. பெரும்பாலும் கொம்பு என்னும் கடற்பாசியையும் கட்சுவோபுஷியையும் நீரில் இட்டு எடுக்கிறார்கள். கட்சுவோபுஷி வேறொன்றுமில்லை, தூத்துக்குடிப் பக்கமும் இலங்கையிலும் மாசி என்று அறியப்படும் கருவாட்டின் நெருங்கிய உறவு. இரண்டும் சூரை மீனை வேகவைத்து, புகையிட்டு, உலர்த்திச் செய்பவை. உயர்ந்த வகைக் கட்சுவோபுஷியில் கூடுதலாகப் பூஞ்சணம் படரவிட்டு மீண்டும் மீண்டும் உலர்த்துவார்கள். 1908-இல் இகேதா கிகுனாயே என்னும் வேதியியல் அறிஞர் கொம்புச் சாற்றின் சுவைக்குக் காரணம் குளுட்டமேட் என்று கண்டறிந்து, அச்சுவைக்கு உமாமி என்று பெயரிட்டார். சில ஆண்டுகளில் கட்சுவோபுஷியின் சுவைக்கு இனோசினேட் காரணம் என்றும், பின்னர் ஷீத்தாக்கே காளானுக்குக் குவானிலேட் காரணம் என்றும் தெரியவந்தன. குளுட்டமேட்டோடு மற்ற இரண்டில் ஒன்று சேரும்போது சுவை கூட்டுத்தொகையைவிடப் பல மடங்காகப் பெருகுகிறது. அதனால்தான் சமையற்காரர் கடற்பாசியோடு மீனையும் சேர்க்கிறார். கடற்பாசியோடு காளானைச் சேர்த்தாலும் அதே பெருக்கம் கிடைக்கும். அங்கேதான் உங்களுக்கு வழி திறக்கிறது.

முதல் வாரத்தில் நான் ஒரு சிறிய கடையில், மேலே வெங்காயத்தாளைத் தவிர எதுவும் இல்லாத உதோன் நூடுல்ஸை வாங்கி மனநிறைவோடு உண்டேன். அந்தச் சாறு மீனில் எடுத்தது என்று பல நாட்களுக்குப் பிறகே அறிந்து மிகவும் வருந்தினேன். கடைக்காரர் என்னை ஏமாற்றவில்லை. இறைச்சி இல்லையா என்று கேட்டேன், இல்லை என்றார். அவர் அறிந்தவரை அது முழு உண்மை. மீனும் மீன்சாறும் இறைச்சி என்ற சொல்லுக்குள் அடங்காது. ஆகவே பெஜிதாரியன் என்ற சொல்லை மட்டும் நம்பாதீர்கள். "நிகு தொ சகானா வொ தபெமாசென். கட்சுவோ நொ தாஷி மொ தபெமாசென்" என்று சொல்லுங்கள்: இறைச்சியும் மீனும் உண்பதில்லை, சூரை மீன் சாறும் உண்பதில்லை. இங்கே "மொ" என்பது நம் உம்மை என்பதைக் கவனித்திருப்பீர்கள். அந்த ஓர் எழுத்துதான் உங்கள் உணவைக் காக்கிறது. இதையே அழகிய கையெழுத்தில் ஒரு ஜப்பானிய நண்பரைக் கொண்டு அட்டையில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

பொட்டலங்களில் ஒவ்வாமைப் பொருள் என்று கட்டாயமாக அச்சிடும் பட்டியலில் முட்டை, பால், கோதுமை, இறால், நண்டு முதலியவை உண்டு. மீன் பொதுவாக அந்தக் கட்டாயப் பட்டியலில் இல்லை. எனவே அந்தக் கட்டத்தைப் பார்த்துவிட்டு நிம்மதி அடையாமல், சேர்மானப் பட்டியல் முழுவதையும் வாசிக்க வேண்டும். இறைச்சி, பன்றி, மாடு, கோழி, மீன் ஆகியவற்றின் காஞ்சி எழுத்துகளையும், கதகனாவில் எழுதப்படும் எகிஸு (பிழிவு), ராதோ (பன்றிக் கொழுப்பு), ஸெராச்சின் (ஜெலட்டின்) ஆகிய சொற்களையும் இங்கிருந்தே கற்றுக்கொண்டு போங்கள். மலை, ஆறு, சூரியன் என்று பாடநூல் தொடங்கட்டும்; உங்களுடைய முதல் பத்து எழுத்துகள் இவையாக இருக்கட்டும்.

உண்ணத்தக்கவை குறைவு என்று அஞ்ச வேண்டாம். ஜப்பான் வெகுகாலம் இறைச்சியை ஒதுக்கி வாழ்ந்த நாடு. 675-இல் பேரரசர் தென்மு மாடு, குதிரை, நாய், குரங்கு, கோழி ஆகியவற்றை ஆண்டின் சில மாதங்களில் உண்பதைத் தடைசெய்தார். அதன்பின் வந்த தடைகளும் பௌத்தமும் சேர்ந்து அந்த விலக்கை நீடிக்கச் செய்தன. 1872-இல் பேரரசர் மெய்ஜி மாட்டிறைச்சி உண்டது பெருஞ்செய்தியாகும் அளவுக்கு அது வேரூன்றியிருந்தது. அந்த நீண்ட காலத்தின் கொடைதான் சோயாவில் அவர்கள் காட்டிய கைத்திறன்: தோஃபு, பாலேடு போல எடுக்கும் யுபா, நொதிக்கவைத்த நாத்தோ, மிசோ. பௌத்த மடங்களின் ஷோஜின் ரியோரி என்னும் சமையலில் இறைச்சி, மீன் மட்டுமல்ல, பூண்டும் வெங்காயமும்கூட விலக்கு. நம் விரதச் சமையலை அறிந்தவருக்கு அந்தச் சுவையின் அமைதி உடனே புரியும். கூக்காய் துறவி 816-இல் தோற்றுவித்த கோயா மலையில் ஐம்பது அளவிலான மடங்களில் இரவு தங்கி அந்த உணவை உண்ணலாம். எள்ளையும் கிழங்கு மாவையும் கிளறிச் செய்யும் கொமாதோஃபுவை அங்கே உண்டுபாருங்கள். பெயரில் தோஃபு இருந்தாலும் அதில் சோயா கிடையாது.

நாகோயாவுக்கென்றே சில வசதிகளும் உண்டு. அவ்வூர்க் காப்பிக் கடைகளில் காலையில் காப்பி வாங்கினாலே ரொட்டி உடன் வரும்; அதன்மேல் வெண்ணெயும் இனித்த செம்பயற்று விழுதும் தடவிய ஒகுரா தோஸ்து அந்த நகரத்தின் அடையாளம். அரிசிமாவும் சர்க்கரையும் சேர்த்து ஆவியில் வேகவைத்த "உயிரோ" என்னும் பண்டம், பயற்று விழுதைக் கடற்பாசிப் பசையில் உறையவைத்த யோகான் போன்ற மரபு இனிப்புகள் பெரும்பாலும் நமக்கு உகந்தவை. அருகிலுள்ள ஒகசாகியில் செய்யப்படும் ஹச்சோ மிசோ என்னும் கரிய மிசோ, சோயாவும் உப்பும் மட்டும் சேர்த்து, பெரிய மரத்தொட்டிகளில் ஆற்றுக்கற்களைக் கூம்பாக அடுக்கி, ஈராண்டுக்கு மேல் முதிர வைக்கப்படுவது. அதன் கட்டியை வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு லிட்டர் நீரில் பத்து கிராம் கொம்பையும் இரண்டு காய்ந்த ஷீத்தாக்கேயையும் இரவே ஊறவைத்து, காலையில் மெல்லச் சூடாக்கி, கொதி வருமுன் கொம்பை எடுத்துவிட்டு, காளான் சற்று வெந்ததும் அடுப்பை அணைத்து மிசோவைக் கரைத்தால், யாரிடமும் எதையும் விசாரிக்கத் தேவையில்லாத ஒரு சாறு கிடைக்கும். அவர்களுடைய அரிசி குட்டையானது, ஒட்டும் தன்மையுடையது. அரைமணி ஊறவைத்து, அரிசியின் அளவுக்குச் சற்றே கூடுதலான நீரில் முழுவதும் வற்ற வேகவிட வேண்டும். பொன்னி அரிசியைப் போல வடித்தால் கெட்டுவிடும். அந்தச் சோற்றோடு உமெபோஷி என்னும் புளித்த உப்புக் காயை ஒன்று வைத்து உண்ணும்போது, நம் வீட்டுத் தயிர்ச்சோறும் உப்பு நார்த்தங்காயும் நினைவுக்கு வரும். வாங்கும்முன் அதன் சேர்மானத்தையும் பாருங்கள். மீன்துருவல் சேர்த்த வகையும் உண்டு.

உண்ணத் தொடங்குமுன் இதாதகிமாஸ் என்பார்கள். பெற்றுக்கொள்கிறேன் என்பதன் பணிவான வடிவம் அது. உச்சரிப்பு பிசகினாலும் விடாமல் சொல்லுங்கள். சோற்றுக் கிண்ணத்தைக் கையில் ஏந்தி உண்பது அங்கே முறை. குச்சிகளைச் சோற்றில் செங்குத்தாக நட்டுவைக்கக் கூடாது. அது இறந்தவர்க்குப் படைக்கும் சோற்றின் தோற்றம். ஒருவர் குச்சியிலிருந்து இன்னொருவர் குச்சிக்கு உணவை மாற்றக் கூடாது. எரியூட்டியபின் எலும்புகளை எடுக்கும் சடங்கின் அசைவு அது. மற்ற சிறு தவறுகளை மன்னிக்கும் மக்கள் இவ்விரண்டைக் கண்டால் உள்ளுக்குள் நடுங்கிப்போவார்கள்.

பழக்கவழக்கம் என்று தேடினால் இக்கிகாய் (வாழ்வதற்கான காரணம்), வபி சபி (எளிமையிலும் குறையிலும் காணும் அழகு) போன்ற பெருஞ்சொற்கள்தாம் முதலில் கண்ணில் படும். அவற்றைச் சில ஆண்டுகளுக்குத் தள்ளிவையுங்கள் என்பதே என் கருத்து. அகம், புறம் என்று மொழிபெயர்க்கத்தக்க உச்சி, சொதோ என்னும் இரண்டையும் முதலில் புரிந்துகொள்ளுங்கள், ஏனெனில் ஒவ்வொரு தொலைபேசி அழைப்பிலும் அது தேவைப்படும். நாம் நம் மேலாளரைப் பற்றி யாரிடம் பேசினாலும் "அவர் வெளியே போயிருக்கிறார்" என்று மரியாதையோடுதான் பேசுவோம். அங்கே வெளி நிறுவனத்தாரிடம் பேசும்போது உங்கள் மேலாளர் உங்கள் அகத்தைச் சேர்ந்தவராகிவிடுகிறார். அவர் பெயருக்குப் பின் சான் சேர்க்காமல், பணிவு வினையால் அவரையும் உங்களோடு தாழ்த்திச் சொல்ல வேண்டும். என் அம்மா ஹஹா. உங்கள் அம்மா ஒகாசான். இதை ஏற்க நம் நாக்கு முதலில் தயங்கும். அதே வேளையில் உறவுமுறையில் நமக்கு நெருக்கமும் உண்டு: அண்ணன், தம்பி, அக்காள், தங்கை என்ற நான்குக்கும் அனி, ஒதொத்தோ, அனெ, இமொத்தோ என நான்கு சொற்கள் இருக்கின்றன, வீட்டில் மூத்தோரை உறவு சொல்லியும் இளையோரைப் பெயர் சொல்லியும் அழைக்கிறார்கள். நீங்கள் என்பதற்கு இணையாகப் பாடநூல் தரும் அனாதா என்ற சொல்லை மட்டும் எவரிடமும் பயன்படுத்தாதீர்கள். பெயரோடு சான் சேர்த்தே முன்னிலையையும் குறிக்க வேண்டும்.

ஒருவர் பேசும்போது மற்றவர் இடையிடையே ஹாய், ஏ, ஊன் என்று ஒலி கொடுத்துக்கொண்டே இருப்பார். பாட்டி கதை சொல்லும்போது நாம் உம் கொட்டியது போல. அந்த ஹாய் சம்மதம் அன்று, கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்பதற்கான அடையாளம். ஒப்பந்தம் பேசும் கூட்டங்களில் இதைத் தவறாகப் புரிந்துகொண்டு ஏமாற்றம் அடைந்தவர்கள் பலர். மறுப்பையும் அவர்கள் நேரே சொல்வதில்லை. "ச்சோத்தோ…", அதாவது கொஞ்சம், என்று இழுத்து நிறுத்திவிட்டால் பதில் இல்லை என்பதே. எதிர்மறைக் கேள்விக்கு மட்டும் நீங்கள் தமிழ் வழக்கப்படியே பதில் சொல்லலாம். வரவில்லையா என்று கேட்டால், ஆமாம், வரவில்லை என்று அவர்களும் சொல்கிறார்கள்.

இவற்றையெல்லாம்விட விரைவாக உங்களை அந்த ஊர்க்காரராக்குவது குப்பை. நகராட்சி தரும் நாட்காட்டியில் எரியும் குப்பை, எரியாத குப்பை, நெகிழி, காகிதம், போத்தல் என ஒவ்வொன்றுக்கும் தனித்தனி நாள் குறிக்கப்பட்டிருக்கும். நெகிழிப் போத்தலின் மூடியையும் மேலுறையையும் கழற்றி, கழுவி, நசுக்கி வைக்க வேண்டும். தவறான நாளில் வைத்த பை, எச்சரிக்கைத் தாள் ஒட்டப்பட்டு அங்கேயே கிடக்கும். தெருவே அதைப் பார்க்கும். எனக்கு அப்படி ஒருமுறை நேர்ந்தபோது எதிர்வீட்டு மூதாட்டி தம் நாட்காட்டியைக் கொண்டுவந்து, ஒவ்வொரு எழுத்தாக விரலால் சுட்டி வாசித்துக் காட்டினார். குடியேறிய முதல் வாரமே இருபுறத்து வீடுகளுக்கும் ஒரு சிறு துண்டோ சவர்க்காரமோ கொண்டுபோய்க் கொடுத்து அறிமுகம் செய்துகொள்வது அங்குள்ள வழக்கம். இப்போது அது குறைந்துவருகிறது என்றாலும் நீங்கள் செய்யுங்கள்.

ஊர் சுற்றுவதற்கு நாரா, கியோத்தோ என்று எல்லோரும் சொல்வார்கள். அவை உண்மையிலேயே காணத்தக்கவை. 752-இல் நாராவின் பெரிய புத்தர் சிலைக்குக் கண்திறப்புச் சடங்கை நடத்தியவர் போதிசேனர் என்னும் இந்தியத் துறவி என்பதை அறிந்துகொண்டு போனால் நிற்கும் இடம் வேறாகத் தோன்றும். ஆனால் நாகோயாவில் இருப்பவர் முதலில் போக வேண்டிய இடம் இசே என்பேன். ரயிலில் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். அங்குள்ள ஆலயங்கள் இருபது ஆண்டுகளுக்கு ஒருமுறை பக்கத்து நிலத்தில் புதிதாகக் கட்டப்படுகின்றன. 2013-இல் நடந்தது 62-ஆவது முறை, அடுத்தது 2033-இல். நாள்தோறும் காலையும் மாலையும், மரத்தோடு மரம் உரசி எழுப்பிய நெருப்பில் சமைத்த சோறும், நீரும், உப்பும், கடற்பொருட்களும் அங்கே தெய்வத்துக்குப் படைக்கப்படுகின்றன. நைவேத்தியத்தை அறிந்த நமக்கு அந்தச் செயலின் பொருளை யாரும் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியதில்லை.

வகுப்பில் சேர்வதா, தனியாகப் படிப்பதா என்று கடைசியாகக் கேட்டிருந்தீர்கள். இங்கே இருக்கும்வரை வகுப்பில் சேருங்கள். அங்கே போனதும், முகவரியைப் பதிவுசெய்ய வட்ட அலுவலகத்துக்குப் போகும் அன்றே, அந்தப் பகுதியில் தன்னார்வலர்கள் நடத்தும் ஜப்பானிய வகுப்பு எங்கே நடக்கிறது என்று விசாரியுங்கள். பணி ஓய்வு பெற்றவர்கள் பலர் வார இறுதிகளில் சமூகக் கூடங்களில் மிகக் குறைந்த கட்டணத்துக்கோ இலவசமாகவோ வந்து எதிரே உட்கார்ந்து கற்றுத்தருகிறார்கள். பாடநூலைக் கொண்டுபோகாதீர்கள். அந்த வாரம் உங்களால் வாசிக்க முடியாமல்போன குப்பை அறிவிப்பையும், வாங்கலாமா வேண்டாமா என்று தயங்கிய ஊறுகாய்ப் பொட்டலத்தையும் கொண்டுபோய் அவர் முன்னால் வையுங்கள்.